நின்ற இடமும் நடந்த தூரமும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பதினைந்து நாளைக்குள் எங்களுக்கு மீட்டிங் வைப்பார்கள். தேர்ச்சி விகிதம் குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பாட ஆசிரியர்களும் போயாக வேண்டும். அதிகாரி பட்டியலைப் படிப்பார். பெயர் வந்ததும் எழுந்து நிற்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வேலை பார்த்த இருபத்தெட்டு வருஷத்தில் நான் அப்படி எத்தனை முறை எழுந்து நின்றிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நிற்கும்போது பக்கத்து வரிசையில் இருக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அதை எழுத வேண்டியதில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கிற தோழர்களுக்கு அது தெரியும்.

ஒரு வருஷம் எங்கள் பள்ளியில் 31 பேர் எழுதி 14 பேர் பாஸ். அந்த முறை நான் கையில் ஒரு நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளையையும் முதல் வாரத்திலேயே தனியாகக் கூப்பிட்டு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுவேன். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஒன்று, வகுத்தல் கணக்கு ஒன்று கொடுப்பேன். என்ன செய்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வைப்பேன். எட்டாவதில் மறுபடியும், பத்தாவதுக்கு வரும்போது மறுபடியும். அந்த 31 பேரில் 19 பேர் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறியவர்கள். பத்தாவதில் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்து விஷயத்தைச் சொல்லக்கூடியவர்களாக ஆகியிருந்தார்கள். அந்த 19 பேரில் பாதிக்கு மேல் பரிட்சையில் ஃபெயில். நோட்டை நீட்டினேன். அதிகாரி வாங்கவில்லை. "இதெல்லாம் எதுக்கு சார்? எத்தன பேர் பாஸு, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவருடைய கேள்விக்கும் என்னுடைய நோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்த இடைவெளிக்கு நூற்றறுபது வருஷ வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மதிப்பெண், தகுதி, தரம் என்ற சொற்களோடு நாம் மல்லுக்கு நிற்க முடியாது.

கல்வியை அளக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று அடைவு. இன்றைய தேதியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது. 35 மார்க் எடுத்ததா, எடுக்கவில்லையா. இன்னொன்று வளர்ச்சி. போன தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது. முதலாவதைச் சொல்ல ஒரு பரிட்சை போதும். இரண்டாவதைச் சொல்ல அதே பிள்ளையை இரண்டு முறை, ஒரே அளவுகோலால் அளந்திருக்க வேண்டும். போன வருஷம் ஐந்தாம் வகுப்பில் இத்தனை சதவீதம், இந்த வருஷம் இத்தனை சதவீதம் என்று சொன்னால் அது வளர்ச்சி ஆகாது. போன வருஷத்துப் பிள்ளைகள் வேறு, இந்த வருஷத்துப் பிள்ளைகள் வேறு. பத்திரிகைகளில் 'பள்ளிகள் முன்னேற்றம்' என்று வருகிற செய்திகளில் பெரும்பாலானவை இப்படி வேறு வேறு பிள்ளைகளை ஒப்பிட்டுச் சொல்கிற செய்திகள்தான்.

அடைவைக் காசாக்கியவன் வெள்ளைக்காரன். 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய விதிகளின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்றுக்கு வருகைக்காக 4 ஷில்லிங், தேர்வுக்காக 8 ஷில்லிங் பள்ளிக்கு மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் 8 ஷில்லிங்கும் போச்சு. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திப் பார்ப்பார். கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், படிப்பு செத்துப்போகிறது என்று தன் அறிக்கைகளில் எழுதினார். 1890-களில்தான் அங்கே அந்த முறை ஒழிந்தது.

அதே சரக்கு கப்பலேறி இங்கேயும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1860-களின் மானிய விதிகளிலேயே 'ரிசல்ட்' மானியம் இடம்பெற்றது. திண்ணைப் பள்ளிக்கூடங்களை அரசு உதவிக்குள் கொண்டுவர அது உதவியது என்று அந்நாளைய அதிகாரிகள் பெருமைப்பட்டார்கள். திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் தெருவிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். தலைக்கு இத்தனை என்று பாஸானவர்களை எண்ணிக் காசு கொடுக்கிற ஏற்பாட்டில், அறுவடை வந்தால் வயலுக்கும் நடவு வந்தால் நாற்றங்காலுக்கும் இழுக்கப்படுகிற பண்ணையாள் வீட்டுப் பிள்ளை எந்த வாத்தியாருக்கும் நஷ்டக் கணக்குதான். தீண்டாமை வாசலில் தடுத்தது. அதைத் தாண்டி உள்ளே போனவனைக் கணக்குப் புத்தகம் தடுத்தது.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்புக்குப் பிறகு, 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்தது. அடுத்த வருஷம் அடையாறு அருகே ஒல்காட்டின் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியது. 1920 முதல் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் நமக்கென்று பள்ளிகள் நடத்தப்பட்டன. எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் அதை இன்னும் 'லேபர் பள்ளிக்கூடம்' என்றுதான் சொல்லுவார்கள். அந்த வழியில் வந்தவைதான் இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கிற ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். நான் படித்ததும் லேபர் பள்ளியில், வேலை பார்த்ததும் அதன் வாரிசில். ஊர்ப் பள்ளி சேர்க்காத பிள்ளைக்காகத் தொடங்கிய பள்ளியை, ஊர்ப் பள்ளியோடு ஒரே கோட்டில் நிறுத்தி 'நீ ஏன் பின்னால் நிற்கிறாய்' என்று கேட்பதுதான் அந்த ஜூன் மாத மீட்டிங்.

பரிட்சையின் இன்னொரு வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. கறுப்பர்களின் போராட்டம் நமக்கு அந்நியமானதில்லை. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே பிளாக் பேந்தர்ஸிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுச் சோதனைகளின் மதிப்பெண்களைக் கொண்டு கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் 1923-இல் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பிய வெள்ளையர் மேல், மற்றவர் கீழ் என்பது அதன் சாரம். 1926-இல் வந்த எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுச் சோதனையை உருவாக்கியவரும் அவரே. 1930-இல் தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே எழுதி வாபஸ் வாங்கினார். ஆள் வாபஸ் வாங்கிவிட்டார், பரிட்சை தங்கிவிட்டது. பள்ளி, மொழி, சோறு எல்லாம் சேர்ந்து கொடுத்த மதிப்பெண்ணை ரத்தம் கொடுத்ததாக வாசித்தார்கள். இங்கே 'மெரிட்' என்று வாய் கிழியப் பேசுகிறவர்களின் வாசிப்பும் அதேதான்.

2002 ஜனவரியில் அமெரிக்காவில் 'ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது' என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. 3 முதல் 8 வரை எல்லா வகுப்புக்கும் வருஷா வருஷம் வாசிப்பிலும் கணக்கிலும் பரிட்சை. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பேரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். எட்டாத பள்ளிக்குப் படிப்படியாகத் தண்டனை. இந்தச் சட்டத்தில் நமக்கு முக்கியமான ஒரு பிரிவு இருந்தது. பள்ளியின் சராசரியை மட்டும் காட்டித் தப்ப முடியாது. கறுப்பர், லத்தீனோ, ஏழைகள், ஊனமுற்றோர் என்று ஒவ்வொரு பிரிவின் முடிவையும் தனித்தனியாக வெளியிட வேண்டும். சராசரிக்குள் ஒளித்துவைத்திருந்த அநியாயம் இதனால் வெளியே வந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தண்டனை முழுக்க அடைவை வைத்துத்தான். அதனால் என்ன நடக்கும் என்று வாத்தியார்களைக் கேட்டால் சொல்லுவார்கள். முப்பது மார்க் எடுக்கிறவனை 35-க்குத் தள்ள எல்லாரும் ஓடுவார்கள். பத்து மார்க் எடுக்கிறவனைத் தொடமாட்டார்கள், அவனை இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தாலும் கணக்கில் சேராது. எண்பது எடுப்பவனையும் தொடமாட்டார்கள், அவன் எப்படியும் பாஸ். அமெரிக்காவில் இதை ஆராய்ச்சி செய்து எழுதினார்கள். நம் ஊரில் இதற்கும் மேலே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டுவது. "உங்க புள்ளைக்குப் படிப்பு ஏறல, டி.சி. வாங்கிட்டுப் போயி பிரைவேட்டா எழுதட்டும்" என்று அப்பனைக் கூப்பிட்டுச் சொல்லுவது. நூறு சதவீதம் என்று பேனர் கட்டுகிற பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அந்த நூறு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஏனென்றால் வடிகட்டப்பட்டவர்கள் நம் காலனிக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

தண்டனை பயம் இன்னும் தூரம் போகும். ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரப் பள்ளிகளில் ஆசிரியர்களே விடைத்தாளில் தப்பை அழித்துச் சரியாக்கினார்கள். 44 பள்ளிகளில் 178 பேர் சம்பந்தப்பட்டதாக 2011-இல் மாநில விசாரணை சொன்னது. 2015-இல் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நகரப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். படிக்கத் தெரியாத பிள்ளையின் தாளில் தேர்ச்சி என்று விழுந்துவிட்டால், அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பேச்சே எழாது. வாத்தியார் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, பிள்ளை தன் பாடத்தை இழந்தது.

அப்படியானால் வளர்ச்சியை அளக்கலாமே? அதையும் செய்தார்கள். டென்னசி மாநிலத்தில் வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளரின் முறை 1992-இல் சட்டமானது. அவர் அடிப்படையில் விவசாயப் புள்ளியியல் ஆள். கால்நடை இனவிருத்திக் கணக்குகளில் வளர்ந்த ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிள்ளையின் பழைய மதிப்பெண்களை வைத்து இந்த வருஷம் இவ்வளவு எடுக்கும் என்று ஒரு எதிர்பார்ப்பைக் கணக்கிடுவது. அதற்கு மேல் எடுத்தால் பள்ளி கூட்டிக்கொடுத்தது, கீழே போனால் பள்ளி கெடுத்தது. கீழே தொடங்கிய பிள்ளையைக் கீழே தொடங்கிய பிள்ளைகளோடு ஒப்பிடுவதால், எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு இதில் ஒரு நியாயம் கிடைக்கிறது.

அந்த நியாயம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சிகாகோவைப் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் அமெரிக்கா முழுவதிலும் உள்ள பள்ளி மாவட்டங்களின் பரிட்சை முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டார். சிகாகோவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டுச் சராசரிக்கு நன்றாகக் கீழே நின்றார்கள். அடைவை மட்டும் பார்த்தால் 'மோசமான பள்ளிகள்' என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் 2009-லிருந்து 2014 வரை, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போகிற ஐந்து வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் ஆறு வருஷத்துப் படிப்பின் அளவு வளர்ந்திருந்தார்கள். நாட்டின் பள்ளி மாவட்டங்களில் 96 சதவீதத்தைவிட இது வேகமான வளர்ச்சி. கறுப்பர், லத்தீனோ, வெள்ளையர் மூவரிடமும் இது தெரிந்தது. இந்த முடிவு வெளிவந்தது 2017-இல். அதற்கு நாலு வருஷம் முன்னால், 2013-இல், அதே சிகாகோ நகரம் சுமார் ஐம்பது பள்ளிகளை ஒரே அடியாக மூடியிருந்தது. காலியிடம் அதிகம், பணம் இல்லை, இதைவிட மேலான பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று சொன்னார்கள். மூடிய பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள்.

ரியர்டனின் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஒரு பகுதியின் சராசரி மதிப்பெண் அங்குள்ள குடும்பங்களின் பொருளாதார நிலையோடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. வளர்ச்சி அவ்வளவாகக் கட்டுண்டு கிடக்கவில்லை. அதாவது, அடைவு வீட்டைப் பற்றி நிறையச் சொல்கிறது, பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறது. பள்ளியின் உழைப்பைப் பார்க்க வேண்டுமானால் வளர்ச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, வளர்ச்சியைக் கொண்டாடி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. காரணம் ஒரு தாய். என் நோட்டில் இருந்த பையன்களில் ஒருவன், ஆறாவதில் தன் பேரையே தப்பாக எழுதியவன், பத்தாவதில் கணக்கில் 29 எடுத்து ஃபெயிலானான். அந்தப் பள்ளியில் இரண்டு வருஷம் கணக்குக்கு வாத்தியாரே கிடையாது. நான் அவன் வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டி, எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் பாருங்கள் என்று ஆறுதல் சொன்னேன். கதிர் அடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கேட்டார்: "ஏன் சார், புள்ள வளந்திருக்கான், வளந்திருக்கான்னு சொல்றீங்க. அந்த வளத்திய வச்சி எந்த வேலக்கி சார் எடுப்பாங்க?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி என் நோட்டின் அடியில் இருந்த பொத்தலைக் காட்டிக்கொடுத்தது. வாசலில் நிற்கிறவன் அடைவைத்தான் கேட்கிறான். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட்டில் 720-க்கு 86. ஒரு அளவுகோலில் உச்சியில் நின்றவரை இன்னொரு அளவுகோல் கீழே தள்ளியது. 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். மூட்டை தூக்குகிற தொழிலாளியின் வீட்டிலிருந்து அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று கேட்க எந்தக் கட்டமும் அந்தத் தாள்களில் இல்லை.

வளர்ச்சியை வைத்தும் நம்மை ஏமாற்ற முடியும். பழைய மதிப்பெண்ணிலிருந்து எதிர்பார்ப்பைக் கணக்கிடும்போது, பழைய அநியாயமும் அந்தக் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2012-இல் வர்ஜீனியா, புளோரிடா மாநிலங்கள் இனவாரியாக வேறு வேறு இலக்கு வைத்தன. கறுப்புப் பிள்ளைக்குக் குறைந்த இலக்கு, வெள்ளைப் பிள்ளைக்குக் கூடின இலக்கு. தொடங்கிய இடம் வேறு என்று நியாயம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 'உன் பிள்ளைக்கு இது போதும்' என்பது எங்கள் தாத்தா காலத்திலிருந்து கேட்ட குரல்தானே. கீழே தொடங்கிய பிள்ளை மற்றவனைப் போல ஒரு வருஷத்துக்கு ஒரு வருஷம் என்று வளர்ந்தால் இடைவெளி அப்படியே இருக்கும். இடைவெளி மூட வேண்டுமானால் சிகாகோவில் போல ஐந்தில் ஆறு வர வேண்டும். அதற்கு வாத்தியார் வேண்டும், புத்தகம் வேண்டும், காலையில் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வளர்ச்சி என்பது இரண்டு அளவுகளின் வித்தியாசம். ஒவ்வொரு அளவிலும் பிழை உண்டு. பரிட்சை அன்று காய்ச்சல், முந்தின ராத்திரி வீட்டில் சண்டை, தெரிந்த கேள்வியாக வந்துவிட்ட அதிர்ஷ்டம். இரண்டைக் கழிக்கும்போது பிழையும் சேர்ந்து பெரிதாகிறது. இருபது பிள்ளை இருக்கிற வகுப்பில் இரண்டு பேர் தடுமாறினால் மொத்தமும் புரண்டுவிடும். மதிப்பெண்ணில் காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் சொன்னது. ஆகவே ஒரு வருஷத்து வளர்ச்சி எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு வாத்தியாரைத் தூக்கில் போட முடியாது. என் நோட்டுக்கும் இது பொருந்தும். அது ஒரு ஆளின் காதும் கண்ணும் எழுதியது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் நிலைமை என்ன? தேசிய அடைவு ஆய்வு 2017-லும் 2021-லும் நடந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்று பிரித்தும் முடிவு தந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிள்ளைகளைச் சோதிக்கிற மாதிரி ஆய்வு. ஒரே பிள்ளையைப் பின்தொடரவில்லை. அதனால் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும், எவ்வளவு வந்தோம் என்று சொல்லாது. தமிழ்நாட்டில் 2017-லிருந்து பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்லது. ஆனால் பள்ளிகளை எடைபோடுவது இன்னும் தேர்ச்சி சதவீதத்தால்தான். இன்று ஒவ்வொரு மாணவருக்கும் அரசின் கல்வித் தகவல் மேலாண்மை முறையில் ஒரு எண் இருக்கிறது. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பிள்ளை எங்கே போனது என்று பார்க்க வழி இருக்கிறது. மனசு இருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒரு பள்ளியின் தேர்ச்சி சதவீதத்தைச் சொல்லும்போது, அந்தப் பிள்ளைகள் உள்ளே வந்தபோது எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறில் சேர்ந்து பத்துக்கு முன்னால் காணாமல் போனவர்களின் எண்ணிக்கையை, சாதிவாரியாக, அதே தாளில் வெளியிட வேண்டும். வளர்ச்சி குறைந்த பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால், அங்கே எத்தனை ஆசிரியர் இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று எழுத வேண்டும். இதில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தந்தால் வாங்கக்கூடாது. அடைவு இல்லாத வளர்ச்சி நம்மைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். வளர்ச்சி இல்லாத அடைவு நம்மை எழுப்பி நிற்க வைத்துத் திட்டும்.

அந்தப் பையன் செப்டம்பரில் மறுபடி எழுதினான். நானும் பக்கத்து ஊரில் பி.எஸ்சி. கணக்குப் படித்துக்கொண்டிருந்த நம் பையன் ஒருவனும் மூன்று மாதம் ராத்திரியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம். 41 எடுத்தான். நோட்டில் அவன் பக்கத்தில் அந்தத் தேதியையும் எழுதிவைத்தேன். அந்த அம்மாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

காலனிகளில் மாலைப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லுகிறேன். ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளை வருகிற முதல் வாரத்தில் என்ன படித்தது, என்ன கணக்குப் போட்டது என்று தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தைப் படிக்கச் சொல்லாமல், அதே கடினத்தில் வேறு பக்கத்தைப் படிக்கச் சொல்லி எழுதுங்கள். வராமல் போன பிள்ளையின் பேரை அடிக்காதீர்கள், ஏன் வரவில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள். நாளைக்கு யாராவது எழுந்து நிற்கச் சொன்னால், நோட்டோடு எழுந்து நில்லுங்கள்.